இருப்புச் சரிபார்ப்பு

ஆண்டுக் கணக்குக்கு வந்திருந்தார் பிரம்மநாயகம்.
கக்கத்தில் பச்சைப் பேரேடு,
சட்டைப்பையில் இரண்டு பேனா, இரண்டும் சிவப்பு.

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்கு
மூன்று வாசல்:
உயிரோடு இருந்தவற்றுக்கு ஒரு கூடம்,
உயிரே அறியாதவற்றுக்கு எதிரில் ஒன்று,
நடுவில் இலைகளுக்கு.
சாவிக்கொத்து என்னிடம்.
விலங்குக்குத் துருப்பிடித்தது, கல்லுக்குப் பித்தளை,
இலைக்குப் பூட்டு மட்டும்தான் உண்டு.

காலையில் கல்.
தேரிக்காட்டுச் செம்மணல், ஒரு புட்டி. சரி.
தாழையூத்துச் சுண்ணாம்புக்கல், மூன்று துண்டு. சரி.
கருமணல் புட்டியை உலுக்கிப் பார்த்து
"கொறஞ்சிருக்கோ?" என்றார்.
கடற்கரையே கொறஞ்சிருக்கு சார் என்று
சொல்ல வந்து தும்மினேன்.

இலைகளை அவர் எண்ணவில்லை,
கட்டுகளை எண்ணினார்.
களக்காட்டு மலையில் பறித்த பூ ஒன்று
தாளில் ஒட்டிய வாரமே நிறத்தை விட்டிருந்தது.
பேரேட்டில் ஊதா.
ஊதாதான் என்று நானும் சொன்னேன்.

மதியத்துக்கு மேல் மிருகங்கள்.
சிங்கவால் குரங்கின் கழன்ற வால்
தனி உருப்படியா, சேர்த்தியா
என்று பத்து நிமிடம் போனது.
வரிசை எண் நானூற்றுப் பன்னிரண்டு, மீன்கொத்தி:
கம்பி இருந்தது, பறவை இல்லை.
சன்னலுக்கு வெளியே, வாய்க்கால் மேல், மின்கம்பியில்
ஒன்று உட்கார்ந்திருந்தது. அதே நீலம்.
நான் பார்ப்பதை அவரும் பார்த்தார்.
"அதச் சேக்க முடியாதுல்லா, பேராச்சி."

கடைசியாகத் திமிங்கிலம்.
மணப்பாட்டில் கரையொதுங்கியது, மண்டையோடு மட்டும்.
கதவை இடித்துத்தான் உள்ளே விட்டார்களாம்.
கண்குழிக்குள் டார்ச் அடித்தவர்
அப்படியே நின்றார்.
"இது என்னது?"
குளவி கட்டிய கூடு.
சுண்டுவிரல் நுனி அளவு, கழுத்து வைத்த பானை,
இன்னும் ஈரம்.

பேரேட்டைப் புரட்டினார்.
மண் என்றால் எதிர்க்கூடம்.
உள்ளே பச்சைப்புழு, அதன் வயிற்றில் ஏதோ கொழுந்து,
அப்படியானால் நடுக்கூடம்.
முட்டை பொரிந்தால் இங்கே.
"எப்போ பொரியும்?"
உங்க கணக்கு சென்னைக்குப் போய்ச் சேருமுன்னே.

சிவப்புப் பேனாவைத் திறந்தார். மூடினார்.
என் பென்சிலைக் கேட்டு வாங்கி
ஓரத்தில் எழுதினார்:
குறைவு ஒன்று. கூடுதல் ஒன்று.
அதன் அடியில் இன்னும் பொடியாக,
மாறுதலுக்கு உட்பட்டது.

கிளம்பும்போது சன்னலைச் சாத்தப் போனார்.
"சாத்தாதீங்க சார்," என்றேன்,
"அவ மண்ணெடுக்கப் போயிருக்கா."