பதினேழாம் பக்கத்துப் புள்ளி

மொன்றியல், தொண்ணூற்றிரண்டு தை மாதம்.
காப்புறுதிக் கந்தோரின் ஒன்பதாம் மாடி.
இரவு பத்தரைக்குக் குப்பை வாளிகள் முடிந்துவிடும்.
பிறகு மெஷின் எங்களுடையது.

நாற்பத்து நாலு பக்கம், அறுபது பிரதி.
கோகிலவாணி மூலத்தாளை வைக்க
நான் மூடியை அமுக்க
லிஃப்டின் சத்தத்துக்குக் காதைக் கொடுத்தபடி
மரியநேசன் நின்றான்.
வெளியே ஆறு உறைந்து கிடந்தது என்று எழுதலாம்.
அந்த யன்னலால் தெரிந்தது
கார் தரிப்பிடம் மட்டும்.

எழுத்தெல்லாம் கோகிலவாணியின் கை.
தமிழ்த் தட்டச்சு ரொறன்ரோவில் ஒருவரிடம் இருந்தது.
தலையங்கத்தை வாசித்துப் பார்த்துவிட்டு
ரிப்பன் தீர்ந்துபோச்சு என்றார்.

கண்ணாடியில் ஒரு தூசி.
அன்றிரவு முப்பது மேசை துடைத்தவள் நான்,
அதைத் துடைக்கவில்லை.
ஒவ்வொரு தாளிலும் அதே இடத்தில்
கறுப்பாய் ஒரு பொட்டு.
சிலதில் வெறும் ஓரத்தில் விழுந்தது.
கோட்டோவியப் பெண்ணுக்குக் கன்னத்து மச்சமானது.
பதினேழில்,
என் கவிதையின் நாலாம் வரியில்,
ணகரத்தின் தலையில் ஏறிக் குந்தியது.

மண வீடு என்று எழுதியிருந்தேன்.
மண் வீடு ஆயிற்று.

தாலிக்கு முன்னம்
பின்வாசலால் நடந்து போன ஒருத்தியின் கவிதை அது.
பாசலிலிருந்து கடிதம் வந்தது:
தாய்மண் ஏக்கம் ததும்புகிறது.
ஒஸ்லோவிலிருந்து இன்னொன்று,
இரண்டு பக்கம், மண், மண் என்று.
நான் மறுத்து எழுதவில்லை.
புகழ்ச்சியில் ஆர் பிழை பிடிப்பார்கள்?

பலசரக்குக் கடைக்காரர்
பத்துப் பிரதியை வாங்கிக்
கருவாட்டுப் பெட்டிக்குக் கீழே வைத்தார்.
கேட்டால் குடுப்பன், என்றார்.
கேக்கிற ஆள் ஆரெண்டு பாத்துத்தான் குடுப்பன்.

மாசியில் ஒரு தடித்த உறை.
அனுப்பியவர் பெயர் இல்லை.
உள்ளே எங்கள் இதழ், இரண்டாய்க் கிழித்தபடி.
தலையங்கத்தின் குறுக்கே
‘துரோகிகள்’. அழகான கையெழுத்து.
மரியநேசனுக்குக் கை நடுங்கியது,
தேத்தண்ணி வைக்கிறேன் என்று எழும்பிப் போய்
வெறுங்கையோடு வந்தான்.

நான் பாதிகளைச் சேர்த்துப் பிடித்துப் புரட்டினேன்.
பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை.
ரகரம் றகரம், விட்ட கால், கூடிய கொம்பு.
பதினேழில் அந்தப் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம்.
ஓரத்தில்:
‘மண வீடு அல்லவா?
அடுத்த வரியில் மாலை வாடுகிறதே.’

கிழிசல் அந்த வட்டத்துக்கு நடுவால் போகிறது.
முழுக்க வாசித்து, திருத்தி முடித்த பிறகுதான்
கிழித்திருக்கிறார்.

நாலாவது இதழின் கடைசிப் பக்கத்தில் போட்டோம்:
பிழை திருத்தம். சென்ற இதழ், பக்கம் 17, வரி 4.
மண் வீடு அன்று, மண வீடு.
சுட்டிக்காட்டிய வாசகருக்கு நன்றி.

பெயர் தெரியாது.
தெரிந்தாலும் போட்டிருக்க மாட்டோம்,
அவருக்குத்தான் வில்லங்கம்.
அவருக்கென்று ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.
அனுப்ப விலாசம் இல்லை.
உறையில் தபால் முத்திரை மட்டும் தெளிவாக இருக்கிறது:
நாங்கள் முத்திரை வாங்குகிற
அதே தபாற்கந்தோர்.