மூடியில் எழுதியது

பட்டியல் வியாழக்கிழமையே வந்துவிட்டது.
என் பெயருக்கு நேரே இட்லி
என்று யாரோ நிரப்பியிருந்தார்கள்.
நாற்பது. அதையும் அவர்களே.

ஹர்ப்ரீத் வீட்டில் ராஜ்மா.
சென்குப்தா வீட்டில் சாப்,
எதில் செய்த சாப் என்று எழுதவில்லை.
பட்நாகர் அம்மாள்
கடுகுக்கீரை கிடைத்தால் கடுகுக்கீரை, இல்லாவிட்டால் பூரி.
கடைசி வரியில், கும்பிடும் இரண்டு கைகளுக்குப் பக்கத்தில்,
எல்லாம் சைவமாக இருந்தால் நல்லது.

இருந்தால் நல்லது.
இரண்டு நாள் இதைத்தான் மென்றேன்.

ஐப்பசி என்றால் எனக்கு மழை.
மயூர் விஹாரில் அது வெயில்,
பத்து மணிக்குமேல் இளகுகிற வெண்ணெய் வெயில்.
ஏழிலைப்பாலை பூத்து
மெட்ரோ படிக்கட்டு வரைக்கும் தலைவலி.
இலையுதிர் காலம் என்கிறார்கள்.
பூங்காவில் கிடப்பதென்னவோ
பட்டாசுக் காகிதம்.

இட்லியை எனக்குத் தெரியும்.
திறந்த வெளியில், இந்தக் காற்றில், அரை மணி நேரம்.
அப்புறம் அது கிரிக்கெட் ஆடும் பையன்களுக்குத்தான் ஆகும்.
சாம்பார் கூடாது, காகிதத் தட்டு மடங்கும்.
சட்னி பன்னிரண்டு மணிக்குப் புளிக்கும்.
போன வருடம் சந்தானலட்சுமி கொண்டுபோன எலுமிச்சைச் சாதத்தில்
பாதி வீடு திரும்பியது,
கால்வாசியைப் பருந்து.
தயிர்ச்சாதத்தைத் திறந்தால்
யாருக்கு உடம்பு சரியில்லை என்பார்கள்.

சனி இரவு பதினொன்றுக்கு முடிவானது:
நல்லெண்ணெயில் புரட்டிய பொடி இட்லி, குட்டி குட்டியாக.
உளுந்து வறுத்தேன். மிளகாய் வறுத்தேன்.
வாணலி இன்னும் சூடாக இருந்தது.
ஃப்ரீஸரில், பட்டாணிப் பைக்குப் பின்னால்,
சென்னாக்கூனி இருந்தது.

அவ்வளவுதான் நடந்தது.

ஒரு கை கூனி, பூண்டு, வற்றல், கறிவேப்பிலை.
மிக்ஸி சுற்றும்போது ஜன்னலைச் சாத்தினேன்.
பிறகு திறந்தேன்.
மூன்றாம் மாடிக்கும் தெரியட்டும்.

ஏமாற்றுவது எனக்கு ஆகாது.
இரண்டு டப்பா, இரண்டு கரண்டி, இரண்டு பை.
சின்ன டப்பாவின் மூடியில் ஏதாவது எழுதவேண்டும்.
கூனிக்கு இந்தியில் என்ன?
பதினாறு வருடமாகக் கோப்பில் குறிப்பெழுதும் இந்தி என்னுடையது.
அதில் விடுப்பு உண்டு, நிலுவை உண்டு,
மேல்நடவடிக்கைக்கு அனுப்பப்படுகிறது உண்டு,
கூனி இல்லை.
ஜீங்கா என்று போட்டால் முழு இறாலைத் தேடுவார்கள்,
உள்ளே இருப்பதோ தூள்.
கறுப்பு மார்க்கரை எடுத்து எழுதினேன்:
இஸ்மே ஸமுந்தர் ஹை.
இதில் கடல் இருக்கிறது.

ஞாயிறு. எண்ணெய் காப்பாற்றியது,
இட்லி கல்லாகவில்லை.
பட்நாகர் அம்மாள் மூடியைக் கண்ணாடி போட்டுப் படித்தார்.
உப்பு அதிகமோ?
உப்பு மட்டும் இல்லை, என்றேன்.
ஒரு நொடி என்னைப் பார்த்தார்.
பெரிய டப்பாவுக்குப் போய்
ஏழு இட்லி எடுத்துக்கொண்டார்.

நாலு மணிக்குப் பனி வாடை.
பாய் சுருட்டும்போது சின்ன டப்பா காலி.
யார் யார் என்று நான் பார்க்கவில்லை.
ராஜ்மா பாத்திரத்தின் விளிம்பில்
சிவப்பாக ஒரு விரல் தடம் இருந்தது, பார்த்தேன்.

சென்குப்தாவின் பெண் மூடியைக் கொண்டுவந்து கொடுத்தாள்.
எண்ணெய்க் கை பட்டுப் பட்டு எழுத்து கலைந்திருந்தது.
ஸமுந்தரைக் காணோம்.
ஹை மட்டும் இருந்தது.