நாலு மணி நேரம்

செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்குப்
பெரியாஸ்பத்திரியில்
சுற்றிலும் வாசலின் பூசி
நடுவில் பழுப்பு மருந்தைத் தொட்டு வைப்பார்கள்.
ஒரு மணிக்குக் கழுவிவிட வேண்டும்.
பிந்தினால் புண்.
முந்தினால் மரு சிரிக்கும்.

ஒரு மணிக்கு நான் எங்கே இருப்பேன் என்பது
ஏற்றிய சரக்குக்குத்தான் தெரியும்.
ஒத்தக்கடையில் முட்டை இறக்கிக்கொண்டிருப்பேன்,
இல்லை மேலூர் ரோட்டில்
ஏதோ ஒரு லாரிக்குப் பின்னால்.
அதனால் செவ்வாய் மட்டும்
மாட்டுத்தாவணி தாண்டும் லோடு எடுப்பதில்லை.
'என்னடா, விரதமா?' என்றார் முதலாளி.
ஆமாம் என்றேன்.
ஒரு வகையில் அதுவும் உண்மைதான்.

முதலில் ஒரு அரிசிமணி.
பிறகு மூன்று. பிறகு எண்ணவில்லை.
வலிக்காத ஒன்றுக்கு
இத்தனை பயப்பட முடியும் என்று
அதற்கு முன் எனக்குத் தெரியாது.

கழுத்தில் மரு என்றால் ஊருக்கே வைத்தியம் தெரியும்.
குதிரைமுடி கட்டு,
அம்மான் பச்சரிசிப் பால் வை,
தெப்பக்குளத்தில் உப்பும் மிளகும் போடு,
உப்பு கரையக் கரைய உதிர்ந்துவிடும்.
இதை யாரிடம் கேட்க?
மாரியம்மன் கோயில் வாசல் கடையில்
வெள்ளித் தகட்டில் கண் இருந்தது, கை இருந்தது, கால் இருந்தது,
தொட்டிலும் பிள்ளையும்கூட இருந்தன.
கண்ணாடிப் பெட்டியை வெகுநேரம் பார்த்துவிட்டு
ஒரு முழு ஆள் உருவமாக வாங்கி
உண்டியலில் போட்டேன்.
எந்த இடம் என்று
அவளே கண்டுகொள்ளட்டும்.

அதற்கும் முன்னால் ஒரு முட்டாள்தனம்:
வெற்றிலைச் சுண்ணாம்பு.
இரண்டு நாள் காலை அகட்டிக்கொண்டே வண்டி ஓட்டினேன்.
சூட்டுக் கட்டி என்றேன்.
பாண்டீஸ்வரி நம்பினாள்.
வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தாள்.
சனிக்கிழமை உச்சியில் நல்லெண்ணெய் வைத்துத் தேய்த்தாள்.
அந்த விரல்களுக்கு அடியில்
என் பொய் வழுக்கிக்கொண்டே இருந்தது.

யாரிடமிருந்து என்று டாக்டரம்மா கேட்பார்,
அதற்கொரு பதில் தயாராக வைத்திருந்தேன்.
கேட்கவில்லை.
'மாசக்கணக்கா, வருசக்கணக்காத் தூங்கும் இது.
எப்ப வந்துச்சுன்னு
நீங்களும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது.
வீட்ல சொல்லிட்டீங்களா?'
தயாரித்த பதிலை
டோக்கனோடு சேர்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

மாட்டுத்தாவணிக் கட்டணக் கழிப்பிடத்தில்
மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் காசிலிங்கம்
நாலாவது வாரம் என்னிடம் காசு வாங்கவில்லை.
பாதி சோப்பு ஒன்றை நீட்டினார்.
எதுவும் கேட்கவில்லை.
அன்றைக்கு இரவு சாப்பாடு இறங்கவில்லை எனக்கு.

ஐந்தாம் செவ்வாய் சொல்லிவிட்டேன்.
கல்யாணத்துக்கு முன்னால்
திருப்பூரில் இருந்த ஒன்றரை வருடத்தையும் சேர்த்து.
அழுவாள் என்று பார்த்தேன்.
காய்ந்த துணிகளை ஒவ்வொன்றாக மடித்து முடித்தாள்.
என் சட்டையை மட்டும் அப்படியே விட்டுவிட்டு
'அப்ப எனக்கும் பாக்கணும்ல' என்றாள்.

ஆறாம் செவ்வாய்
பெண்கள் வரிசையில் அவள், கையில் அவளுக்கென்று ஒரு டோக்கன்.
கர்ப்பப்பை வாயில்
வினிகர் தடவிப் பார்த்தார்களாம். ஒன்றுமில்லை.
திரும்பும்போது, கோரிப்பாளையம் சிக்னலில்,
'ஊறுகா போட்டுட்டாக என்னைய' என்றாள்
கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி.
சிரிக்கலாமா என்று தெரியாமல்
கியரை மாற்றினேன்.

எட்டாம் வாரம் தோல் இளஞ்சிவப்பாக இருந்தது,
பிறந்த எலிக்குஞ்சு மாதிரி.
'இனி மருந்து வேண்டாம்.
திரும்பவும் வரலாம், வராமலும் போகலாம்.
வந்தா உடனே வாங்க, சுண்ணாம்பு வைக்காதீங்க.'
வைகையில் தண்ணீர் திறப்பதைப் பற்றிச் சொல்வதுபோலத்தான்
சொன்னார் நர்ஸ்.

நேற்று செவ்வாய்.
ஒரு மணிக்குக் கொட்டாம்பட்டியில் இருந்தேன், முழு லோடு.
கண் தானாக மணி பார்த்தது.
கழுவ எதுவும் இல்லை.
வண்டியை ஓரம் கட்டி ஒரு டீ குடித்தேன்.

என் சட்டைகளை
இன்னும் நான்தான் மடிக்கிறேன்.