வெற்று எடை

முதலில் காதைத்தான் வைப்பேன்.
வட்டு சுழன்றால் கொசு போல ஒரு ரீங்காரம் இருக்கும்.
அன்றைக்குக் கேட்டதெல்லாம் லாரி.

காங்கேயம் தாண்டி, வெள்ளகோவில் ரோட்டில் எடைமேடை.
ராத்திரி ஒன்பதே கால்.
மேடைமேல் கொப்பரை லோடு நிற்கிறது, எஞ்சின் ஓடியபடி.
"சித்த ஆப் பண்ணுங்கண்ணா" என்றேன்.
"பண்ணுனா எடுக்காதுங்க. செல்ப் போயிருச்சு.
நாலு பேர் தள்ளோணும்" என்றார் மாரப்பன்.
எண்ணிப் பார்த்தால் நாங்கள் மூன்று பேர்.

கறுப்புத் திரையில் வெள்ளையாய் ஒரே வரி:
துவக்க வட்டு எதுவும் இல்லையாம்.
"காத்தால இருந்துச்சுங்க" என்றாள் கோகிலவாணி,
பட்டிக்குத் திரும்பாத ஆட்டைப் பற்றிச் சொல்வதுபோல்.

பயாஸுக்குள் போனேன்.
கீபோர்டு உண்டு. மெமரி உண்டு.
விசிறி நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதுகூட உண்டு.
சாட்டா ஒன்று: காலி.
சாட்டா இரண்டு: காலி.

லாரியின் வெற்று எடை
காலை ஏழரைக்குப் போட்டது, அந்த வட்டுக்குள்.
இப்போது மேடையில் நிற்பது மொத்தம்;
வெளியே சிவப்பில் எரிகிறது 15,640.
எதைக் கழிக்க?
மாரப்பன் சட்டைப்பையிலிருந்து காலைச் சீட்டை எடுத்தார்.
வியர்வையில் ஊறி,
ஆறாயிரத்துக்கு அப்புறம் ஊதாக் கறை.
"எறங்கினா என்ற மொறை போயிரும்" என்று
மறுபடி ஏறி ஸ்டியரிங்கில் தலை வைத்துக்கொண்டார்.

பக்கத் தகட்டைக் கழற்றினேன்.
கொப்பரைத் தூசு, எண்ணெய்ப் பிசுக்கோடு.
ஊதினேன், துடைத்தேன், கேபிள் மாற்றினேன்,
துளை மாற்றினேன்.
பையில் கிடந்த என் பழைய வட்டை மாட்டினேன்.
அதையும் இல்லை என்றது.
நேற்று ஊத்துக்குளியில் ஓடிய வட்டு அது.
மின்வயரில் மீட்டர் முனையை அழுத்தினால்
பன்னிரண்டு வோல்ட், சுத்தமாக.
எடுத்துவிட்டு வட்டைச் சொருகினால்
மறுபடி காலி.
நான் தொட்டால் மட்டும் நல்ல பிள்ளையாக இருக்கிறது.

பத்தரைக்குத் திருச்செங்கோட்டு போர்வெல் வண்டி ஒன்று
திரும்ப இடம் கேட்டு ஹாரன் அடித்தது.
மாரப்பன் நல்ல வார்த்தையாக நாலு சொல்லிவிட்டு
லாரியை மேடையிலிருந்து இறக்கினார்.
நான் சலிப்பில் ரீஸ்டார்ட் தட்டினேன்.

சாட்டா ஒன்று: ஐந்நூறு ஜிபி.

கோகிலவாணி வாய் திறக்கவில்லை.
லாரி திரும்பி ஏறியது. மேசை மெல்ல நடுங்கியது.
கண்ணாடி டம்ளரில் டீ வட்டம் வட்டமாய் அலைந்தது.
திரை உறைந்தது.
"எறங்குங்க" என்று கத்தினேன்.
இறங்கினார். இருந்தது.
"ஏறுங்க." ஏறினார். இல்லை.
மூன்றாம் தடவை ஜன்னலில் தலை நீட்டி,
"ஏனுங் தம்பி, எதைங்க ரிப்பேர் பண்றீங்க,
கம்ப்யூட்டரையா, என்னையா?"

மேசையின் கால்கள் மேடையின் இரும்புச் சட்டத்தோடு
வெல்டிங்கில் கிடந்தன.
யார் யோசனையோ, திருட்டுப் பயமோ.
மின்வயரின் முனையில் ஒரு பின் தளர்ந்திருந்தது,
மயிரிழை. அவ்வளவுதான்.
பாரம் ஏறினால் நடுங்கும்.
நடுங்கினால் தெரியாது.

ஊசியால் பின்னை நெருக்கினேன்.
பழைய எடைச் சீட்டொன்றை எட்டாய் மடித்து
ஆப்பு வைத்தேன்.
கோகிலவாணி கொப்பரைச் சாக்கு இரண்டை மடித்துப் போட,
பெட்டி அதன்மேல் உட்கார்ந்தது.
லாரி ஏறியது. டீ அலைந்தது.
பிரிண்டர் கரகரத்தது:
மொத்தம் 15,640. வெற்று 6,180. நிகரம் 9,460.
மாரப்பன் சீட்டை இந்தத் தடவை
சாமி படத்துக்குப் பின்னால் செருகினார்.

"பில்லுல என்ன கோளாறுன்னு எழுதோணுங்க, ஓனர் கேப்பாரு."
யோசித்து எழுதினேன்: லாரி.
அவள் அடித்துவிட்டு 'வயர்' என்று எழுதினாள்.
முந்நூறு ரூபாய்.

ஸ்கூட்டரை மேடைமேல் ஓட்டித்தான் ரோட்டுக்கு வர முடியும்.
"நூத்தி எழுவதுங்க!" உள்ளேயிருந்து குரல்.
வந்தபோது லாரி நின்றிருந்தது,
நான் மண்ணில் சுற்றி வந்தேன்.
அதனால் எனக்கு
நிகரம் கிடையாது.