விரிசல் எண் நாற்பத்தொன்று

க்ரோனிங்கனுக்கு வடக்கே, கடலணைக்கு இப்பால்
களிமண் மேட்டில் நிற்கிறது வீர்சம் வீடு.
இந்தப் பக்கத்துப் பண்ணைவீடுகளுக்குத்
தலை உண்டு, கழுத்து உண்டு, உடல் உண்டு.
குடும்பம் தலையில்,
சமையல் கழுத்தில்,
மாடும் வைக்கோலும் உடலில்.
உடல்தான் பெரிது. என்றைக்கும் அப்படித்தான்.

நான் விரிசல் எண்ண வந்தவன்.
போன மாதம் நிலம் ஒன்பது விநாடி நடுங்கியது.
மூன்று கிலோமீட்டர் கீழே
வாயுவை உறிஞ்சிக் கொடுத்துவிட்ட மணற்பாறை
வெறும் வயிற்றோடு சுருண்டுகொள்கிறது.
ஒவ்வொரு விரிசலிடமும் என் படிவம் கேட்பது ஒன்றே:
நீ வாயுவால் வந்தாயா, வயதால் வந்தாயா?

ஃப்ரௌக்கே வீர்சம் ரப்பர் பூட்ஸைக் கழற்றாமல் முன்னே நடந்தாள்.
பீட்கிழங்கு பாதி வயலில் தோண்டாமல் கிடக்கிறது, சீக்கிரம், என்றாள்.
"ஒன்று முதல் ஆறு வரை எழுதாதே.
கோதுமை விலை ஏறிய வருஷம்
முப்பாட்டன் எப்பெல் ஜன்னலை உயர்த்தினார்,
பட்டணத்து வக்கீல் வீட்டில் பார்த்துவிட்டு.
வளைவைப் பெயர்த்த அன்றே சுவர் முனகிவிட்டது.
பன்னிரண்டு? நிலவறை ஈரம்.
அது என் சோம்பல்."

எழுதுகோல் நின்றது.
ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை உண்டு, என்றேன்.
தெரியும், என்றாள்.

முகப்பில் உத்தரங்களைச் சுவரோடு பிடித்திருக்கும்
இரும்பு நங்கூரங்கள், ஆளுக்கோர் இலக்கம்:
1, 7, 4.
கடைசியானது எந்தப் புயலிலோ விழுந்துவிட்டது.
இருந்த இடத்தில் துருவின் ஒழுகல்.
'கட்டிய ஆண்டு' என்ற கட்டத்தில்
பத்து வருஷங்களை அடைக்க இடமில்லை.

செங்கல் எங்கிருந்தும் வரவில்லை.
பின்னாலிருக்கும் வாத்துக்குளம் எவ்வளவு ஆழமோ
வீடு அவ்வளவு உயரம்.
சதுப்புக்கரியில் சுடுமுன், காயப்போட்டிருந்த கற்கள்மேல்
ஒரு நாய் நடந்து போயிருக்கிறது.
இடுப்புயரத்தில் இருக்கிறது அதன் பாதம்,
நான்கு விரல், கொஞ்சம் அவசரம்.
முப்பத்தெட்டாம் விரிசல் அந்தக் கல்லை அடைந்ததும்
சுண்ணாம்புக் காரைக்குள் இறங்கி
ஒரு படி பக்கவாட்டில், ஒரு படி கீழே
பாதத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது.
சுண்ணாம்பு விட்டுக்கொடுக்கும். கல் பிழைக்கும்.

மேற்குச் சுவரில் அப்படியில்லை.
அங்கே பழங்காரையைச் சுரண்டிச் சிமெண்ட் அடைத்தது அவள் அப்பா,
சமையலறைக்கு வாயுக்குழாய் வந்த கோடையில்.
இனி நூறு வருஷம் அசையாது என்றாராம்.
அசையவில்லை.
பதினேழு கற்கள் நட்டநடுவே
ரொட்டியைப் பிய்த்ததுபோல் பிளந்திருந்தன.
உள்ளே, யாரும் பார்த்திராத சிவப்பு.

நாற்பத்தொன்று என்று ஒட்டினேன்.
இது யாருடையது?

அடியிலிருந்ததை எடுத்துப்போனவர்களுடையதா,
நல்லதென்று நம்பிச் சிமெண்ட் குழைத்தவருடையதா.
அதுவரை ஒவ்வொன்றுக்கும் பேர் சொன்னவள்
பிளவில் கட்டைவிரலை நுழைத்துப் பார்த்தாள்.
எடுத்தாள்.
கால்சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

காபி குடிப்பாயல்லவா, என்றாள்.

வீட்டின் கழுத்தில் உட்கார்ந்தேன்.
கெட்டிலை வைத்து அடுப்பைத் திருகினாள்.
நீலச்சுடர் அரை நொடி தயங்கி
வட்டமாக நின்றது.