இருபத்து மூன்று உருப்படி

பாலக்காட்டு ரோட்டில்
எங்கள் கால்நடைச் சோதனைச் சாவடி
பத்துக்குப் பன்னிரண்டு அடி.
ஒரு மேசை, இரண்டு நாற்காலி, கடகடக்கும் ஃபேன்,
பூட்டு இல்லாத ஒரு டிராயர்.

ராத்திரி டூட்டியில் துறைத் தேர்வுக்குப் படிக்கிறேன்.
இங்கிலீஷ் மரபுத்தொடர், ஐந்து மார்க்.
மிருகம் இல்லாமல் வெள்ளைக்காரனுக்கும்
பேச்சு வராது போலிருக்கிறது.
பூனையைப் பையிலிருந்து அவிழ்த்துவிட்டால்
ரகசியம் வெளியே வந்துவிட்டதாம்.
குதிரையைப் பிடித்து நிறுத்து என்றால்
அவசரப்படாதே.
வாளியை உதைத்தவன் செத்துப்போனான் என்கிறது புத்தகம்.
கறக்கும்போது தினம் உதைக்கிற செவலைகள்
எத்தனை தடவைதான் சாகும்?

காளையைக் கொம்பைப் பிடித்து அடக்கு என்றால்
சிக்கலை நேருக்கு நேர் சந்தி.
எழுதியவன் ஒரு மாட்டுக்கும் ஊசி போட்டிருக்க மாட்டான்.
கொம்பைப் பிடித்தால் விலா எலும்பு போகும்.
பிடிக்க வேண்டியது மூக்கணாங்கயிறு.

செவ்வாய்க்கிழமை.
பொள்ளாச்சிச் சந்தை லாரிகள் பதினொன்றுக்கு மேல் வரிசையாக.
வெளியே நாயும் பூனையுமாகப் பெய்கிறது.
சாக்கோச்சன் குடையில்லாமல் இறங்கி வந்து
பர்மிட்டை நீட்டுகிறான். பதினாறு உருப்படி.
பொன்னுரங்கம் சார் தலையைத் தூக்காமல்
டிராயரை நாலு விரற்கடை இழுக்கிறார்.
நோட்டு விழும் சத்தம் மழையில் கேட்காது.

அந்த நேரம் பார்த்து நாற்பத்தொன்றாம் பக்கம்.
அறைக்குள் யானை:
எல்லோர் கண்ணுக்கும் தெரிவது,
ஒருவரும் வாய் திறக்காதது.

ஃபேனைப் பார்த்தேன்.
காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டேன்,
மிதித்துவிடும் போலிருந்தது.

பிறகு டார்ச்சோடு போய் எண்ணினேன்.
கழுத்தோடு கழுத்து முறுக்கி,
ஒன்றின் வால்மேல் இன்னொன்றின் குளம்பு.
இருபத்து மூன்று.
மறுபடி எண்ணினாலும் இருபத்து மூன்று.
பதிவேட்டில் எழுதும்போது
பேனா இரண்டு தரம் பிடிக்கவில்லை.
"ஏம்மா, பரீட்சை பாஸாகி வேற ஊருக்குப் போகப்போற புள்ள..."
மீதியை சார் டீயோடு விழுங்கினார்.

வண்டியை ஓரங்கட்டச் சொன்னேன்.
வாசலில் நின்று திரும்பிய சாக்கோச்சன்
பல்லைக் கடித்துக்கொண்டு
"பட்டீடெ மோளே" என்றான்.

அவன் பாஷையில் பட்டி என்றால் நாய்.
என் பாஷையில் மாடு அடைக்கிற இடம்.
எந்த அர்த்தம் என்று பக்கம் புரட்டாமல்
ஆமாம் என்றேன்.
ஏழு மாடு இறங்கணும்,
பலகையைப் போடச் சொல்லுங்க.