எண்ணெய் ஊறிய கடைசிப் பக்கம்

ஏந்தலின் நூற்றுப் பதினெட்டாம் இதழ்
தவசிக்கனியின் பெட்டியில்
அதிரசத்துக்கும் நல்லெண்ணெய்ப் பாட்டிலுக்கும் நடுவே படுத்து
குவைத் வந்து சேர்ந்தது.
மூடி எங்கோ நடுவானத்தில் நெகிழ்ந்திருக்கிறது.
கடைசித் தாள்கள் கண்ணாடி மாதிரி.
வில்லனின் மோவாய்
ஏந்தலின் வயிற்றுக்குள் மிதக்கிறது.

பதினேழு வருடம்.
விழுவதைப் பிடிப்பான், அவ்வளவுதான் அவன் வித்தை.
பறக்க வராது. சண்டையும் சுமார்தான்.
பாலம், ரயில், பூந்தொட்டி,
நாற்பத்தொன்றாம் இதழில் ஒரு நிலாத் துண்டு,
எது விழுந்தாலும் கீழே இரண்டு கை இருக்கும்.
பாதி விழும்போதே 'தொடரும்' என்று கட்டம் போட்டு
ஒரு மாதம் தொங்கவிடுவார்கள்.
ஃபர்வானியாவில் அது மூன்று மாதம்,
யாராவது லீவு முடிந்து வரும்வரை.

வெள்ளிக்கிழமை. வெளியே மண்காற்று.
ஆறு கட்டில் அறையில் ஒரே கட்டிலில் மூன்று பேர்.
பக்கம் திருப்புவது கிதியோன்; காசு அவனுடையது.
மைதீன் பிச்சை எழுத்துக்கூட்டிப் படிப்பான்,
"இரு, இரு" என்பான்.

அறுபதாம் பக்கம்: கோபுரம் சாய்கிறது.
அறுபத்தொன்று: ஏந்தல் ஓடுகிறான்.
அறுபத்திரண்டு: பக்கம் முழுக்க ஒரு கை,
ரேகை உட்பட.
அறுபத்து மூன்று:
படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறான்.
யாரோ டீ நீட்டுகிறார்கள்.
முற்றும்.

"கோபுரம் என்னடா ஆச்சு?"
கிதியோன் திருப்பினான். பற்பசை விளம்பரம்.
அந்தப் பல்வரிசைதான் இத்தனை நேரம்
'முற்றும்' வழியாகச் சிரித்திருக்கிறது.

"வெண்டைக்காய் முத்தும். கதையுமா?" என்றான் மைதீன்.
"முத்தினதை எவன் வாங்குவான்? பதினேழு வருசக் காசு!
பிடிச்சானா, இல்லையா?"
"டீ குடிக்கிறான்ல. பிடிச்சிருப்பான்."
"பிடிக்காதவனும் டீ குடிப்பான்."
அதற்கு அறையில் பதில் இல்லை.

நான் ஷுவைக் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறேன்.
நாற்பது மீட்டர் உயரக் கூண்டு, காலடியில் கண்ணாடி.
பெட்டி லாரிமேல் உட்காரும் நொடியில்
கயிறு தளரும்.
அந்தத் தளர்வு கைப்பிடி ஏறித் தோளுக்கு வரும்.
கைதட்ட ஆளில்லை.
கீழே நிற்கும் சில்ஹெட்காரன் கட்டைவிரல் உயர்த்துவான்,
பாதி நாள் அதையும் மறந்துவிடுவான்.
படிக்கட்டில் ஏந்தலின் தோள்
அப்படித்தான் இறங்கியிருந்தது.
இவர்களிடம் நான் சொல்லவில்லை.
சொன்னால் தீர்ப்பு மாதிரி ஆகிவிடும்.
தவிர,
கோபுரம் என்ன ஆனதென்று எனக்கும் தெரிய வேண்டும்.

விளக்கணைத்த பிறகு
செல்போன் வெளிச்சத்தில்
கிதியோன் பேனாவை அழுத்துவது கேட்டது.
'முற்றும்' மேல் கோடு இழுத்து
பக்கத்தில் என்னவோ எழுதப் பார்க்கிறான்.
எண்ணெய்த் தாளில் மை பிடிக்கவில்லை.
உதறினான், ஊதினான், மறுபடி அழுத்தினான்.

காலையில் எடுத்துப் பார்த்தேன்.
மை இல்லை, பள்ளம் மட்டும்.
ட்யூப்லைட்டுக்கு நேரே சாய்த்தால்
'தொட' வரை படிக்கலாம்.